முழங்கால் வலியும் தாய்ச்சிப் பயிற்சியும்

தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற தாய்மார்களிடம் உடல்நலம் பற்றி விசாரித்தால், அவர்களுள் பலர் முதலில் குறிப்பிடுவது முழங்கால் வலியைத்தான். காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் கால் மடங்க மறுக்கிறது. படிகளில் இறங்கும்போது மூட்டு நறநறவென்று ஒலிக்கிறது. தரையில் அமர்ந்தால் எழுந்திருக்க மற்றொருவரின் கை வேண்டியிருக்கிறது. "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு அவர்கள் ஒரு மூலையில் அமர்ந்துவிடுகின்றனர். இவ்வாறு அமர்ந்துவிடுவதே நோயை வளர்க்கிறது என்பதையும், மெதுவான அசைவுகளைக் கொண்ட சீன நாட்டு உடற்பயிற்சியாகிய தாய்ச்சி இந்நோய்க்கு எந்த அளவுக்குத் துணை செய்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டினுள் நிகழ்வது

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். அதன் முன்புறத்தில் சில்லு அமைந்துள்ளது. ஒன்றோடொன்று உராயக்கூடிய எலும்பு முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தப்பட்டுள்ளது. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய பையினுள் எண்ணெய் போன்ற ஒரு நீர் சுரந்து, அசைவை எளிதாக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் வளர்கின்றன. மூட்டுப் பை வீங்குகிறது. இதனையே மூட்டுத் தேய்வு என்கிறோம். மருத்துவர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதிக் கொடுப்பதும் இந்நோயைத்தான்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. உடலின் ஏனைய பகுதிகளுக்கு இரத்தம் ஊட்டம் கொண்டு செல்வது போல் இதற்குச் செல்வதில்லை. நீரில் தோய்ந்த பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறுவதும், விட்டால் மீண்டும் உள்ளே புகுவதும் போல, கால் ஊன்றப்படும்போதும் தூக்கப்படும்போதும் மூட்டு நீர் குருத்தெலும்பினுள் சென்று வருகிறது. அதுவே அதற்கு உணவு. நாள் முழுதும் அசையாமல் அமர்ந்திருப்பவரின் முழங்காலுக்கு இவ்வுணவு குறைகிறது.

இதனினும் பெரிய தீங்கு தொடையில் நேர்கிறது. தொடையின் முன்பக்கத்துத் தசைகளே முழங்காலைத் தாங்கும் தூண்கள். வலிக்கு அஞ்சி நடப்பதைக் குறைத்தால் இத்தசைகள் மெலிகின்றன. தசை மெலிந்தால் தாங்க வேண்டிய பாரம் முழுவதும் நேராக மூட்டின் மேல் விழுகிறது, வலி கூடுகிறது, வலி கூடியதால் நடை மேலும் குறைகிறது. இச்சுழலில் சிக்கியவர்கள் சில ஆண்டுகளில் வீட்டு வாசலைத் தாண்டவும் தயங்குகின்றனர்.

50 வயதைக் கடந்தவர்களுள் ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் அதிகமாகப் பற்றுகிறது. மாதவிடாய் நின்ற பின்னர் உடலில் ஏற்படும் மாற்றங்களும், தொடைத் தசையின் வலிமை இயல்பாகவே குறைந்திருப்பதும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். இவற்றோடு தொழிலும் சேர்ந்துகொள்கிறது. அடிக்கடி குந்துவதும், மண்டியிடுவதும், பாரம் தூக்குவதும் முழங்கால் தேய்வை விரைவுபடுத்தும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. பால்மரம் வெட்டும் தொழிலில் இம்மூன்றுமே உண்டு. தாழ்ந்த வெட்டுப் பட்டைக்குக் குனிந்தும் குந்தியும் உளி பிடிக்க வேண்டும். மரத்துக்கு மரம் மங்கை எடுத்து வாளியில் ஊற்ற வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும். பனி ஈரத்தில் வழுக்கும் சரிவுகளில் ஒவ்வோர் அடியும் முழங்காலைச் சோதிக்கும் அடியாகும். ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிய பின்னரும் பெண்களின் முழங்காலுக்கு ஓய்வு வந்துவிடவில்லை. உதிரிப் பழம் பொறுக்குவதும் குந்திச் செய்யும் வேலைதானே!

உடல் எடையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது முழங்காலின் மேல் விழும் பாரம் நம் எடையைப் போலப் பல மடங்கு ஆகும். முழங்கால் தேய்வுற்ற முதியோரிடையே நடத்தப்பட்டு 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. காலையும் மாலையும் குடிக்கும் தேநீரில் கலக்கும் கெட்டிப் பாலின் அளவைக் குறைப்பது முழங்காலுக்கும் செய்யும் உதவியே என்பதைத் தாய்மார்கள் நினைவில் கொள்வார்களாக.

தாய்ச்சி என்பது யாது?

தைப்பிங் ஏரிப் பூங்கா போன்ற இடங்களுக்கு அதிகாலையில் சென்றவர்கள், வயது முதிர்ந்த சீன அன்பர்கள் வரிசையாக நின்று, நீருக்குள் அசைவது போல் கைகளையும் கால்களையும் மெல்ல மெல்ல நகர்த்துவதைப் பார்த்திருக்கக்கூடும். அதுவே தாய்ச்சி. முழுப் பெயர் தாய்ச்சிச்சுவான். இறுதியிலுள்ள 'சுவான்' என்னும் சொல்லுக்கு முட்டி, அதாவது கைப்போர் என்பது பொருள். சீனாவின் ஹெனான் மாநிலத்திலுள்ள சென் குடும்பத்தாரின் கிராமத்தில் பயிலப்பட்ட தற்காப்புக் கலையிலிருந்து அது வளர்ந்தது. பின்னர் யாங், வூ, சுன் முதலிய குடும்பங்களின் பெயரால் தனித்தனி முறைகள் தோன்றின. 1956-ஆம் ஆண்டில் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறை, பொதுமக்கள் எளிதில் கற்பதற்காக 24 அசைவுகள் கொண்ட சுருக்க முறையொன்றை வகுத்தது. 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

போர்க் கலை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. உதைத்தலும் குதித்தலும் இன்றியே முதியோருக்கு இப்பயிற்சி கற்றுத் தரப்படுகிறது. நம் சிலம்பக்காரர்கள் காலடி வைப்பதைக் கவனித்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே விளங்கிவிடும். எந்தக் காலில் உடலின் பாரம் நிற்கிறது, எந்தக் கால் பாரமின்றி இருக்கிறது என்பதை அறிந்து அடி வைப்பது இரண்டுக்கும் பொதுவானது. சிலம்பத்தில் அது விரைவாக நிகழ்கிறது. தாய்ச்சியிலோ ஓர் அடியை எடுத்து வைப்பதற்குள் ஒரு மூச்சு முடிந்துவிடும்.

முழங்கால் நோயாளிகளுக்கு மிகுதியாகப் பயன்படுத்தப்படுவது சுன் முறை. அதனை வகுத்தவர் சுன் லூத்தாங் (1860–1933). ஏனைய முறைகளில் கால்களை அகற்றி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் நிலைகள் அதிகம். சுன் முறையிலோ உடல் உயர்ந்தே நிற்கிறது. ஒரு கால் முன்னே சென்றால் மற்றொரு காலும் உடனே அதனைப் பின்தொடர்ந்து சென்று அருகில் நிற்கிறது. ஆதலால் முழங்கால் ஆழமாக மடங்குவதுமில்லை. ஒரே காலில் நெடுநேரம் பாரம் தங்குவதுமில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மருத்துவர் பால் லாம், மூட்டு நோயால் தாமே அவதியுற்றவர். அவர் 1997-ஆம் ஆண்டில் இம்முறையைத் தழுவி மூட்டு நோயாளிகளுக்கென 12 அசைவுகளைக் கொண்ட ஒரு பாடத்தை அமைத்தார்.

ஆய்வுகள் காட்டுவன

நல்லது என்று பலர் சொல்வதால் மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளலாகாது. ஆகவே ஆய்வு முடிவுகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கொரிய நாட்டில் முழங்கால் தேய்வு முதலிய மூட்டுத் தேய்வுகளுக்கு ஆளான முதிய பெண்கள் 72 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் 12 வாரங்கள் சுன் முறைத் தாய்ச்சியின் 12 அசைவுகளைப் பயின்றனர். மற்றப் பிரிவினர் தங்கள் வழக்கமான சிகிச்சையையே தொடர்ந்தனர். 2003-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, பயிற்சி செய்த பெண்களுக்கு மூட்டு வலியும் விறைப்பும் குறைந்தன. வீட்டு வேலைகளைச் செய்வதிலிருந்த சிரமம் குறைந்தது. உடலின் சமநிலையும் வயிற்றுத் தசையின் வலிமையும் கூடின. ஆனால், முழங்கால் தசையின் வலிமையில் அந்த 12 வாரங்களுக்குள் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேலும், தொடங்கிய 72 பேருள் இறுதிச் சோதனை வரை நிலைத்தவர்கள் 43 பேரே. தொடங்குவது எளிது, தொடர்வது கடினம் என்பதை இந்த எண்களே கூறிவிடுகின்றன.

அதே ஆய்வாளர்கள் மூட்டுத் தேய்வுற்ற பெண்களை 6 மாத காலம் பயிற்றுவித்து, அதன் முடிவுகளை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இம்முறை முழங்காலை நீட்டும் தசைகள் களைப்பின்றி உழைக்கும் ஆற்றல் உயர்ந்திருந்தது. கீழே விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமும் தணிந்திருந்தது. தசை தேறுவதற்கு 3 மாதம் போதாது, மேலும் சில மாதங்கள் வேண்டும் என்று நாம் கொள்வதில் தவறில்லை. அச்சம் தணிவதும் சிறிய பயனன்று. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி அதன் பின்னர் கோயிலுக்கும் போகாமல் நின்றுவிடுவதை நாம் அறிவோம். கால் தேறிய பின்னும் மனம் தேறாததே அதற்குக் காரணம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு இவற்றைக் காட்டிலும் பெரியது. முழங்கால் தேய்வுற்ற 204 பேர் அதில் பங்கு கொண்டனர்; அவர்களின் சராசரி வயது 60; பத்தில் ஏழு பேர் பெண்கள். ஒரு பிரிவினர் வாரம் இருமுறை வீதம் 12 வாரங்கள் தாய்ச்சி பயின்றனர். மற்றப் பிரிவினருக்கு மருத்துவமனைகளில் அளிக்கப்படும் பிசியோதெராப்பி சிகிச்சை 6 வாரங்களும், அதன்பின் வீட்டிலே கண்காணிப்புடன் கூடிய பயிற்சி 6 வாரங்களும் அளிக்கப்பட்டன. 2016-ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனில், இரு பிரிவினருக்குமே வலி ஏறக்குறைய ஒரே அளவில் நன்றாகக் குறைந்தது. அந்நன்மை ஓராண்டு வரையிலும் நீடித்தது. மனச்சோர்வு குறைவதில் தாய்ச்சிப் பிரிவினர் ஒரு படி முன்னே நின்றனர்.

இம்முடிவைச் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். தாய்ச்சி பிசியோதெராப்பியை வென்றுவிடவில்லை. அதற்குச் சமமாக நின்றது. மருத்துவமனைக்கு வாரந்தோறும் சென்று வருவதற்கு வண்டியும் துணையும் தேட வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு, ஒரு திடலில் நின்றே செய்யக்கூடிய பயிற்சி அதற்கு ஈடாக அமைகிறது என்பது பெரும் செய்தியல்லவா? அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர் கழகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழங்கால் தேய்வுக்கு உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்க முறைகளுள் தாய்ச்சியையும் சேர்த்துள்ளது.

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் ஆற்றல் தாய்ச்சிக்கு இல்லை. அவ்வாறு கூறி எவரேனும் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். மூட்டு பழையதாகவே இருக்கும். அதனைத் தாங்கும் தசையும், நடையின் சீரும், வலியைத் தாங்கும் மனமும் தேறுவதாலேயே பயன் விளைகிறது.

பயிற்சியைத் தொடங்கும் முறை

முறையாகக் கற்ற ஒருவரிடம் பயில்வதே நலம். எனினும் முதல் அசைவு எத்தகையது என்பதை அறிந்துகொண்டால் அச்சம் விலகும். சமதரையில், தோள் அளவுக்குக் கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்க வேண்டும். முழங்கால்களை விறைப்பாக வைக்காமல் சற்றே தளர்த்த வேண்டும், குந்துதல் கூடாது. மூச்சை மெல்ல உள்ளிழுத்தவாறே இரு கைகளையும் மார்பின் உயரத்துக்கு முன்னே உயர்த்த வேண்டும்; மூச்சை விட்டவாறே கைகளைத் தாழ்த்த வேண்டும். இவ்வாறு சில முறை செய்தபின், உடலின் பாரத்தை மெதுவாக வலக்காலுக்கு மாற்றி, பின்னர் இடக்காலுக்கு மாற்றிப் பழகலாம். இது கைவந்த பிறகு, பாரமற்ற காலை முன்னே வைத்து, குதிகாலை முதலில் ஊன்றி, அதன்பின் பாதம் முழுவதையும் பதிக்கப் பழக வேண்டும். பார்ப்பதற்கு இது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். பத்து நிமிடம் செய்த பிறகு தொடை சொல்லும்!

இரண்டு தவறுகள் முழங்காலுக்குத் தீங்கு செய்யும். முழங்கால் பாத விரல்களைத் தாண்டி முன்னே செல்லும்படி வளைப்பது ஒன்று. பாதத்தைத் தரையில் ஊன்றியபடியே உடலை மட்டும் திருப்பி முழங்காலை முறுக்குவது மற்றொன்று. திரும்ப வேண்டுமானால் பாதத்தை முதலில் திருப்ப வேண்டும். முழங்காலும் பாத விரல்களும் எப்போதும் ஒரே திசையை நோக்க வேண்டும். நிற்க இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து கை அசைவுகளையும் குதிகால் ஊன்றுவதையும் செய்யலாம். நிற்பவர்களும் தொடக்கத்தில் அருகே கனமான நாற்காலி ஒன்றைப் பிடிமானத்துக்கு வைத்துக்கொள்வது நன்று. வழுக்கும் செருப்பும், மழை நனைந்த சிமெந்துத் தரையும் வேண்டா. சேலை உடுத்துவோர் கால் தடுக்காத அளவுக்கு அதனை உயர்த்திச் செருகிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பே. பயிற்சி முடிந்து 2 மணி நேரம் கழிந்த பின்னரும் வலி முன்பிருந்ததைவிட அதிகமாக இருந்தால், அன்று அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மறுநாள் நேரத்தைக் குறைக்க வேண்டும். முழங்கால் சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலும் உடன் வந்தாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமற்போனாலோ, மூட்டு மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலோ பயிற்சியைப் பற்றி எண்ணாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இருதய நோயோ, மயக்கமோ, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தொடங்குமுன் சுகாதார நிலையத்தில் கேட்டறிதல் அவசியம்.

மருந்தைப் பற்றி ஒரு சொல்

வலி தாளாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். வலி நிவாரண மாத்திரைகளுள் சில வகைகளை நாள்தோறும் உட்கொண்டால் வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம், சிறுநீரகம் கெடலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இவ்வாபத்து அதிகம். இதனினும் கொடியது, "ஒரே வாரத்தில் நடக்க வைக்கும்" என்று கூறி விற்கப்படும் சில மூலிகைப் பொடிகளும் மாத்திரைகளும். இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. வலி மாயமாய் மறையும். ஆனால் முகம் வீங்கும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள் தாமாக நிறுத்தாமல், அப்பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாங்கும் எந்த மருந்தின் உறையிலும் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே பயில்வது?

அரசாங்க மருத்துவமனைகளிலும் பல சுகாதார நிலையங்களிலும் பிசியோதெராப்பி அலுவலர்கள் உள்ளனர். உங்கள் முழங்காலுக்கு எந்த அசைவு ஏற்றது, எது ஆகாது என்பதை அவர்களால் கூற இயலும். சமூக நல இலாகாவின் ஆதரவில் இயங்கும் 'பாவே' எனப்படும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் அருகில் இருந்தால், அங்கே உடற்பயிற்சி வகுப்பு உண்டா என்று விசாரிக்கலாம். அண்டையிலுள்ள சிற்றூரின் திடலில் சீன அன்பர்கள் காலையில் பயிலும் குழு இருக்குமானால் கூச்சப்படாமல் சென்று கேளுங்கள். மொழி ஒரு தடையன்று. இப்பயிற்சியைக் கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கற்கின்றனர்.

தனியே செய்வதைவிடக் குழுவாகச் செய்வதே நிலைக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 41 முதியோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், குழுவாகவும் பின்னர் வீட்டிலும் பயின்ற காலத்தில் கிடைத்த நன்மை, பயிற்சியை நிறுத்திய 6 வாரங்களில் மறைந்து போயிற்று. ஆகவே ஒரு லயத்தில் நான்கைந்து தாய்மார்கள் சேர்ந்து, வாரத்தில் 2 நாளோ 3 நாளோ, வெயில் ஏறுமுன் பாலாய் ராயாவின் முன்னால் கூடுவதென்று நேரம் குறித்துக்கொள்ளலாம். முதல் வாரம் 10 நிமிடம் போதும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, 12 வாரத்துக்குள் ஒரு மணி நேரத்தை எட்டலாம். இளம் பெண்களுள் ஒருவர் அசைவுகளை முதலில் கற்று வந்து, மற்றவர்களுக்கு எதிரே நின்று காட்டினால், பார்வை மங்கியவர்களும் அவரைப் பார்த்துத் தொடர்ந்து செய்வர்.